“சோஷியல் ஒர்க்கரைப் பாத்துட்டு வாங்க”: அந்த அறையில் நடப்பது என்ன?

வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனை. நெஞ்சுவலி என்று வந்த அம்மாவுக்கு ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, ரத்தம் பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல். மருத்துவர் ஓ.பி. சீட்டில் இரண்டு வரி எழுதி, “சோஷியல் ஒர்க்கரைப் பாத்துட்டு வாங்க” என்கிறார். கூட வந்த மகனுக்குக் குழப்பம். பண உதவி ஏதாவது கிடைக்குமா? வீட்டில் சண்டை என்று சந்தேகப்பட்டு விசாரிக்கப் போகிறார்களா? அம்மாவுக்கு மூளை சரியில்லை என்றே முடிவு கட்டிவிட்டார்களா? முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வரும் அம்மாவிடம் “என்ன சொன்னாங்க?” என்று கேட்டால், “ஒண்ணும் சொல்லல, நான்தான் பேசிக்கினு இருந்தேன்” என்கிறார். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, புத்திமதிகூட இல்லை. அப்படியானால் அந்த முக்கால் மணி நேரம் எதற்கு?

இந்தக் குழப்பம் அந்த மகனுக்கு மட்டும் உள்ளதல்ல. மருத்துவமனை நிர்வாகத்திலேயே பலருக்கு உண்டு. “சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது” எப்படி ஒரு சிகிச்சை வேலை ஆகும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில், யார் இவர்?

பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். சாக்கடை அடைத்துக்கொண்டால் மனு எழுதிக் கொடுப்பவரையும் நம் ஊரில் சமூக சேவகர் என்றுதான் சொல்கிறோம். மருத்துவமனையில் இருக்கும் சமூகப் பணியாளர் வேறு. எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணியில் முதுகலை, படித்தவர், படிக்கும்போதே மருத்துவமனை, காப்பகம், குடியிருப்புப் பகுதி என்று களப்பணி செய்து தேறியவர். மனநலப் பிரிவில் வேலை செய்பவருக்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தனி வரையறையே வைத்திருக்கிறது. சமூகப் பணியில் முதுகலைப் பட்டம், அதற்கு மேல் மனநல சமூகப் பணியில் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில்., அதற்குள் மூத்தவரின் மேற்பார்வையில் சிகிச்சைப் பயிற்சி. மனநல மருத்துவர் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுகிறார். மருத்துவ உளவியலாளர் சோதனைகளும் உளவியல் சிகிச்சையும் செய்கிறார். சமூகப் பணியாளர் அந்த ஆளை அவருடைய வீடு, வாடகை, வேலை, கடன், உறவு எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்க்கிறார்.

இந்த வேலை பிறந்த கதை ஒரு மருத்துவரின் சங்கடத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், ரிச்சர்ட் காபட் என்பவர் 1905-இல் நோயாளிகளின் வாழ்க்கை நிலையை அறிய ஒரு சமூகப் பணியாளரை நியமித்தார். ஓய்வு எடு, நல்ல சாப்பாடு சாப்பிடு என்று எழுதிக் கொடுக்கிறோம், அந்த ஓய்வும் சாப்பாடும் அந்த வீட்டில் கிடைக்குமா என்பதே நமக்குத் தெரியவில்லையே என்பதுதான் அவருடைய கவலை. இந்தியாவில் 1936-இல் மும்பையில் சமூகப் பணிக்கான முதல் கல்விக்கூடம் வந்தது. 1946-இல் அங்கே ஜே.ஜே. மருத்துவமனையில் முதல் மருத்துவ சமூகப் பணியாளர் நியமிக்கப்பட்டார். சென்னையில் சமூக சேவகி மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் 1952-இல் தொடங்கியது.

காபட்டின் கவலை வடசென்னைக்குப் புதிதும் அல்ல. ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் வயதானவர்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள். 1780-களின் பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்தை ஒட்டி வளர்ந்த இடம் அது. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் நோயைப் பற்றிக் கேட்க வேண்டும் என்ற பாடம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

கேட்பதில் அப்படி என்ன பெரிய வேலை?

காது உள்ள எல்லோரும் கேட்கிறார்கள், இதற்கு ஒரு படிப்பா என்று தோன்றலாம். நாம் சாதாரணமாகப் பேசும் விதத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் விஷயம் புரியும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, உலகின் 10 மொழிகளில் மக்கள் மாறி மாறிப் பேசுவதை அளந்து பார்த்தது. ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் 200 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரே ஒரு சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டுவரவே அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். அப்படியென்றால், எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் நம்முடைய பதிலைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடுகிறோம். டீக்கடைப் பேச்சுக்கு அது போதும். துக்கத்தோடு வந்தவரிடம் அது போதாது. அவர் சொல்லும் வாக்கியத்தின் கடைசிப் பாதியை, பெரும்பாலும் அங்கேதான் விஷயம் இருக்கும், நாம் பாதிக் காதோடுதான் கேட்டிருப்போம்.

மருத்துவரின் அறையில் நிலைமை இன்னும் நெருக்கடி. 1984-இல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், நோயாளி தன் தொந்தரவைச் சொல்ல ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். 2018-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், குறுக்கிட்ட இடங்களில் அந்த நேரம் 11 விநாடியாக இருந்தது. மருத்துவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வெளியே வரிசை படிக்கட்டுவரை நிற்கும்போது யாராக இருந்தாலும் குறுக்கிடத்தான் செய்வார்கள். குறுக்கிடாமல் கேட்பதற்கென்றே இன்னொருவர் வேண்டும் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

ஆழ்ந்து கேட்டல் என்று சமூகப் பணியில் சொல்வது இரண்டு செயல்களை. பதிலைத் தயாரிக்கும் வேலையை நிறுத்திவைத்து, சொல்கிறவர் சொல்வதை அவர் சொல்லும் வரிசையிலும் வார்த்தையிலும் பிடித்துக்கொள்வது ஒன்று. பிடித்தது சரிதானா என்று அவரிடமே காட்டிக் கேட்பது இன்னொன்று. இரண்டாவதை விட்டுவிட்டால், எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருந்தாலும் கேட்டது நம் மனத்தில் ஓடிய கதையாகத்தான் இருக்கும்.

இதற்கு 1957 ஒரு முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டில்தான் கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர், மனமாற்றம் நிகழ என்னென்ன நிலைமைகள் வேண்டும் என்று எழுதினார். எதிராளியின் உணர்வை அவர் நிலையில் நின்று புரிந்துகொள்வது, நிபந்தனை வைக்காமல் மதிப்பது, தான் நடிக்காமல் இருப்பது ஆகியவை அதன் மையம். அதே ஆண்டில் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்ற சமூகப் பணிப் பேராசிரியர், சமூகப் பணியாளருக்கும் உதவி தேடி வருபவருக்கும் உள்ள உறவுக்கு ஏழு கோட்பாடுகளை வகுத்தார். அந்த ஏழில் வெளியாட்களுக்கு அதிகம் புரியாதது ‘கட்டுக்குள் வைத்த உணர்வு ஈடுபாடு’ என்பது. அழுகிறவரைப் பார்த்துத் தானும் உடைந்து அழுவது சொந்தக்காரர் செய்வது; அதற்கு ஒரு மதிப்பு உண்டு. கல்லு மாதிரி உட்கார்ந்து குறிப்பு எடுப்பது காவல் நிலையத்தில் நடப்பது. இவர் இரண்டுக்கும் நடுவில் உட்கார வேண்டும். அழுகை தன்னைத் தொட்டது என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். அதே நேரத்தில், இவரைத் தேற்றும் வேலையும் நம் தலையில் விழுந்துவிட்டதே என்று அவர் நினைக்கும்படி ஆகிவிடக் கூடாது.

இதெல்லாம் பலன் தருகிறதா? 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 295 ஆய்வுகளை, 30,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சை தருபவருக்கும் பெறுபவருக்கும் உள்ள உறவு நன்றாக இருந்தால் பலனும் கூடியிருந்தது. மிகப் பெரிய தொடர்பு என்று சொல்ல முடியாது, மிதமானதுதான். ஆனால் எந்தச் சிகிச்சை முறையானாலும், எந்த நாடானாலும் அது தொடர்ந்து தென்பட்டது.

‘பேஜாரு’ என்பது என்ன நோய்?

மனச்சோர்வு, பதற்றம் என்ற சொற்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ யாரும் அறைக்குள் வந்து “எனக்கு மனச்சோர்வாக இருக்கிறது” என்று சொல்வதில்லை. “ஒரே பேஜாரா கீது” என்பார்கள். சினிமா பார்த்தே வடசென்னையைத் தெரிந்துகொண்டவர்களுக்கு அது வேடிக்கையான சொல். உண்மையில் பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த அந்தச் சொல்லுக்கு மூலப் பொருளே சலித்துப்போன, வெறுத்துப்போன நிலை என்பதுதான். பஸ் வராததற்கும் பேஜாரு, கடன்காரன் வாசலில் நிற்பதற்கும் பேஜாரு, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்பதற்கும் அதே பேஜாரு. எந்தப் பேஜாரு என்பதைச் சொன்னவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். “பேஜாருன்னா எப்படி இருக்கும்னு சொல்லுங்கண்ணா, எனக்குப் புரியணும்” என்று கேட்கிற பணியாளருக்குக் கிடைக்கும் பதில், அச்சடித்த கேள்விப் பட்டியலுக்கு ஒருபோதும் கிடைக்காது.

பல நேரம் மனசு என்ற சொல்லே வராது. நெஞ்சு கனமா கீது, தலைக்குள்ள ஓடிக்கினே கீது, கை கால்ல உசுரே இல்ல என்று உடம்புதான் பேசும். இது நம் மக்களின் அறியாமை என்று சிலர் நினைக்கிறார்கள், தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்றில், பெங்களூர் உட்பட 14 நாடுகளின் 15 மையங்களில், மனச்சோர்வு உள்ள 1,146 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 69 சதவீதம் பேர் மருத்துவரிடம் உடல் தொந்தரவுகளை மட்டுமே சொல்லியிருந்தார்கள். 1999-இல் வெளியானது இது. உடம்பின் வழியாகத் துக்கத்தைச் சொல்வது உலகம் முழுக்க உள்ள வழக்கம்.

இதில் எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு, வடசென்னையில் அதை மறந்துவிடவே கூடாது. நெஞ்சு அடைக்கிறது என்றால் உடனே “மனசுதான் காரணம்” என்று முடிவுகட்டுவதும் கேட்காத காதுதான். மணலியும் எண்ணூரும் தொழிற்சாலைகளுக்கு நடுவே வாழும் ஊர்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது; அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி அமோனியா கசிந்து, பெரியகுப்பத்தில் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒருவர் “ராத்திரில மூச்சு முட்டுது” என்றால் அது நுரையீரலாக இருக்கலாம், அந்த இரவின் பயமாக இருக்கலாம், இரண்டும் கலந்திருக்கலாம். எந்த நேரத்தில் முட்டுகிறது, வாடை வந்தால் முட்டுகிறதா, வராமலே முட்டுகிறதா என்று நிதானமாகக் கேட்டு, தேவைப்பட்டால் நோயாளியை மறுபடி மருத்துவரிடமே அனுப்பி வைப்பதும் சமூகப் பணியாளரின் வேலை.

காத்து கருப்பு அடித்துவிட்டது, யாரோ வைத்துவிட்டார்கள் என்று சொல்பவர்களும் வருவார்கள். தர்காவில் ஓதிவிட்டு, மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அம்மன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு, கடைசியாக மருத்துவமனைக்கு வந்திருப்பார்கள். “அதெல்லாம் மூடநம்பிக்கை” என்று சொன்ன நிமிடத்தில் அவர்கள் வாய் மூடிக்கொள்ளும். எங்கெங்கே போனார்கள், எங்கே கொஞ்சம் நிம்மதி கிடைத்தது என்று கேட்டால், நோய் எப்போது தொடங்கியது, வீட்டில் யார் அக்கறையாகக் கூட்டிப்போகிறார்கள், எவ்வளவு செலவாகியிருக்கிறது என்ற மூன்று விவரமும் தானாக வந்துவிடும்.

ஒரே பேச்சு, இரண்டு விதம்

பயிற்சி வகுப்பில் செய்வதுபோல ஓர் உரையாடலைக் கட்டிப் பார்ப்போம். காசிமேட்டில் மீன் விற்கும், ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா. எதிரில் மகள் வயதுள்ள சமூகப் பணியாளர். முதல் விதம் இப்படிப் போகும்:

“என்னம்மா பண்ணுது?”

“நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி கீதும்மா. ராத்திரில தூக்கமே இல்ல.”

“எத்தனை நாளா?”

“தடைக்காலம் முடிஞ்சதுலேர்ந்து.”

“வீட்ல ஏதாவது பிரச்சினையா? பணக் கஷ்டமா?”

“எல்லார் வூட்லயும் கீறதுதான்.”

“கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும். சாயங்காலத்துக்கு மேல டீ குடிக்காதீங்க.”

இதில் கடுமையான வார்த்தை ஒன்றுகூட இல்லை. அக்கறைதான் தெரிகிறது. ஆனால் அந்த அம்மா கதவைத் திறந்த இடம் ஒன்று இருந்தது. பணியாளர் அதைத் தாண்டிப் போய்விட்டார். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத, வீட்டில் காசு வராத காலம் அது. அது முடிந்தால் காசிமேடே மூச்சுவிடும். இவருக்கோ அது முடிந்த பிறகுதான் தொந்தரவு தொடங்கியிருக்கிறது. ஏன்?

இரண்டாவது விதம் அந்த இடத்திலிருந்து:

“தடைக்காலம் முடிஞ்சதுலேர்ந்துன்னு சொன்னீங்க.”

“ஆமா. பையன் தொழிலுக்குப் போய்ட்டான்ல.”

“பையன் கடலுக்குப் போனதுலேர்ந்து.”

“அவன் வூட்ல இருந்த ரெண்டு மாசமும் நல்லாத்தான் தூங்குனேன் கண்ணு. இப்ப ரெண்டு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துடுது. போட்டு சத்தம் கேக்குதான்னு கெடப்பேன்.”

“போட்டு சத்தம் கேக்குதான்னு…”

இந்த இடத்தில் நீண்ட அமைதி. மின்விசிறி சத்தம் மட்டும். பணியாளர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்.

“அவங்கப்பனும் ரெண்டு மணிக்குத்தான் கெளம்பிப் போனாரு.”

இங்கே நடந்ததைப் பிரித்துப் பார்த்தால்:

1. பணியாளர் புதிதாக எதையும் கேட்கவில்லை. அந்த அம்மாவின் வார்த்தையையே எடுத்துத் திருப்பித் தந்தார். பணம், வீட்டுப் பிரச்சினை என்று தன் ஊகத்தை நடுவில் வைத்திருந்தால் பேச்சு அந்தப் பக்கம் போயிருக்கும்.

2. ‘ஏன்’ என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. “ஏன் தூங்கல?” என்பது நம் காதில் குற்றம் சாட்டுவதுபோல விழும். பதிலாக நியாயம் சொல்லத்தான் வரும்.

3. அமைதியை நிரப்பவில்லை. இதுதான் கற்றுக்கொள்ளக் கடினமானது. ஐந்து விநாடி மௌனம் ஐந்து நிமிடம் மாதிரி இருக்கும். ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாய் துடிக்கும். அந்த அம்மா அந்த நேரத்தில் இரண்டு இரவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லாம் சரியாயிடும்” என்று அப்போது சொல்லியிருந்தால் கடைசி வரி வந்தே இருக்காது.

4. நோயின் பெயர் எதையும் சொல்லவில்லை. அது பிறகு மருத்துவரோடு பேசி முடிவுசெய்ய வேண்டியது.

ஆழ்ந்து கேட்பது இந்த இடத்தில் முடிந்துவிடுவதில்லை. இதற்கு மேல்தான் கைவேலை தொடங்குகிறது. கணவர் திரும்பி வந்தாரா, உடல் கிடைத்ததா? நிவாரணத் தொகை வந்ததா, ஆவணம் இல்லாமல் நின்றுபோயிற்றா? விதவை ஓய்வூதியம் வாங்குகிறாரா? மகனுக்கு அம்மாவின் இந்த இரவுகள் தெரியுமா? படகிலிருந்து ஒரு தகவல் வர வழி இருக்கிறதா? கேட்டதன் அடிப்படையில் இவற்றில் ஒன்றையாவது நகர்த்தாவிட்டால், அந்த அம்மா அடுத்த முறை வரமாட்டார். வராமல் இருப்பது நியாயமும்கூட.

கேட்கத் தயங்கும் கேள்வி

பேச்சு இவ்வளவு தூரம் வந்தபின் ஒரு கேள்வியை நேராகக் கேட்டே ஆக வேண்டும்: “இப்படி இருக்கிறதுக்குச் செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?” கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற பயம் குடும்பத்தாருக்கு மட்டுமல்ல, புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கும் இருக்கிறது. இந்தப் பயத்தைச் சோதித்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2014-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, கேட்பதால் தற்கொலை எண்ணம் கூடியதற்குச் சான்று இல்லை என்றே சொன்னது. சுற்றி வளைத்து “தப்பான எண்ணம் ஏதாவது வருதா?” என்று கேட்பதுதான் கெடுதல். தப்பு என்று முதலிலேயே முத்திரை குத்திவிட்டால் யார் ஆமாம் என்பார்கள்?

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மறைப்பவர்களும் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், மாறாக நிரூபிக்கப்பட்டால் ஒழிய அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரைப் பணியவைக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டுமே அதில் தனிக் குற்றமாக இருக்கிறது.

அங்கே சொன்னது வெளியே போகுமா?

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, மனநோய் உள்ளவரின் உடல்நலம், மனநலம், சிகிச்சை பற்றிய தகவல்களை ரகசியமாக வைத்திருக்க அவருக்கு உரிமை தருகிறது. கூட வந்த மகன் கேட்டாலும், மாமியார் கேட்டாலும், வார்டு கவுன்சிலர் போன் செய்தாலும் சொல்லிவிட முடியாது. விலக்குகள் உண்டு. சிகிச்சை தரும் மற்ற மருத்துவர்களோடு பகிரலாம். நோயாளி தனக்கென நியமித்த பிரதிநிதியிடம் தேவையான அளவு சொல்லலாம். அவரால் இன்னொருவருக்கு ஆபத்து என்றாலோ உயிருக்கே ஆபத்து என்றாலோ அதைத் தடுக்கத் தேவையானதை மட்டும் சொல்லலாம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதில் விருப்பத்துக்கு இடமில்லை.

நல்ல பணியாளர் இந்த எல்லைகளைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார். “நீங்க சொல்றது எனக்குள்ள இருக்கும்; உயிருக்கு ஆபத்துன்னாலோ, குழந்தைக்கு யாராவது தப்பு பண்ணாங்கன்னாலோ மட்டும் சொல்லியாகணும்” என்ற இரண்டு வரி போதும். எல்லாவற்றையும் கொட்டிய பிறகு “இதை நான் சொல்லியே ஆகணும்” என்பது நம்பி வந்தவரை முதுகில் குத்துவதற்குச் சமம்.

நல்ல மனசு மட்டும் போதாது

இந்த விஷயத்தில் எனக்குத் திடமான கருத்து உண்டு. காது கொடுத்துக் கேட்பது ஒருவரின் இயல்பான குணம் என்று நாம் நினைக்கும்வரை, அது நடக்காதபோது அந்த ஒருவரைத்தான் திட்டிக்கொண்டிருப்போம். அதற்கு இடமும் நேரமும் ஆளும் வேண்டும். அவற்றைத் தர வேண்டியது நிர்வாகம்.

இடம் என்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்து மேசையில் இன்னொரு விசாரிப்பு, கதவு திறந்தபடி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை “சார், ஜெராக்ஸ் எங்க எடுக்கிறது?” என்று ஒரு தலை. இந்த இடத்தில் கணவன் அடிப்பதைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்? வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம் என்றால் அங்கே வேறு சிக்கல். ஹவுசிங் போர்டு வீடு என்றால் ஓர் அறை, அதில் ஆறு பேர், வாசலில் அக்கம்பக்கத்தார். யாரோ அட்டை மாட்டிய பெண் ஃபைலோடு வந்திருக்கிறார் என்றால் மாடிப்படி முழுக்கக் காது முளைக்கும். அனுபவம் உள்ளவர்கள் அந்த நேரத்தில் ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை என்று பொதுவாகப் பேசிவிட்டு, “தெருமுனை வரைக்கும் வாங்களேன்க்கா, பஸ் ஸ்டாப் காட்டுங்க” என்று கிளம்புவார்கள். உண்மையான பேச்சு அந்த நூறு அடி நடையில் நடக்கும். கண்ணுக்குக் கண் பார்க்காமல், பக்கத்தில் நடந்தபடி பேசும்போது சொல்ல முடியாததும் சுலபமாக வரும்.

அப்புறம் எழுத்து. அந்த அம்மாவின் முக்கால் மணி நேரம் கேஸ் ஷீட்டில் “தூக்கமின்மை, குடும்பக் கவலை, ஆலோசனை வழங்கப்பட்டது” என்று முடிந்துவிடலாம். அடுத்த முறை வேறு பணியாளர் பார்த்தால், அவர் மறுபடி “வீட்ல ஏதாவது பிரச்சினையா?” என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். “தடைக்காலம் முடிந்து மகன் கடலுக்குப் போனது முதல் இரவு 2 மணிக்கு விழிப்பு, கணவர் கடைசியாகக் கிளம்பிய நேரமும் அதுவே என்கிறார்” என்று எழுதியிருந்தால், அந்த அம்மா இரண்டாவது முறை தன் துக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் சொன்ன சொல்லையே எழுத இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

ஆள் பற்றாக்குறையைத்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும், மிகப் பெரியது அதுதான். காப்பீட்டு விண்ணப்பமும் அவரே, ஆதரவற்றவரை இல்லத்தில் சேர்ப்பதும் அவரே, மாதாந்திரப் புள்ளிவிவரமும் அவரே என்று எல்லாவற்றையும் ஒரே தலையில் கட்டிவிட்டு, “நோயாளிகளிடம் அன்பாகப் பேசுங்கள்” என்று பயிற்சி வகுப்பு நடத்திப் பயனில்லை. நாள் முழுக்க மற்றவர் துக்கத்தைக் கேட்பவருக்கு அது ஒட்டிக்கொள்ளும். தூக்கம் கெடும், எரிச்சல் வரும். சில மாதத்தில் காது மரத்துப்போகும், எல்லாக் கதையும் ஒரே கதையாகத் தெரியும். மூத்த பணியாளர் ஒருவரோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து, தான் கேட்டதைப் பற்றிப் பேசும் மேற்பார்வை நேரம் இதற்காகத்தான் படிப்பிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. வேலையில் சேர்ந்த பிறகு முதலில் காணாமல் போவதும் அதுதான். கேட்பவரைக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

கூட வருகிறவர்கள் கவனத்துக்கு

சோஷியல் ஒர்க்கரைப் பார்க்கச் சொன்னால், அது நோயாளி பொய் சொல்கிறார் என்றோ மூளை பிசகிவிட்டது என்றோ அர்த்தமில்லை. கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மேல் உள்ள பாசத்தாலேயே உங்கள் முன்னால் சொல்ல முடியாதது இருக்கலாம். வெளியே வந்ததும் “என்ன சொன்ன? எங்களைப் பத்தி என்ன சொன்ன?” என்று குடைய வேண்டாம். கதவைச் சாத்திவிட்டுப் பேச வேண்டும், பெண் பணியாளரிடம் பேச வேண்டும், இன்று வேண்டாம் அடுத்த வாரம் வருகிறேன் என்றெல்லாம் நோயாளி தயங்காமல் கேட்கலாம்.

மருத்துவமனைவரை வர முடியாத இரவுகளுக்கு, மத்திய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 எண்ணிலும் அழைக்கலாம். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை. “பேஜாரா கீது” என்றே ஆரம்பிக்கலாம்.